பிரேக் என் பொறுப்பு

ஜனவரி 11, 2015

இன்றும் ஒர்க்‌ஷாப்பில்தான் பொழுது போனது. கல்லூரிகளுக்கு இடையிலான பந்தயத்துக்கு நாங்கள் செய்யும் கார் இப்போதுதான் காரின் சாயலுக்கு வந்திருக்கிறது. இஞ்சினை ஜூனியர்கள் பார்க்கிறார்கள். பிரேக் என் பொறுப்பு. ஓட்டப்போவது கட்டை, என் ஹாஸ்டல் அறைத்தோழி. அந்த சீட்டுக்குள் மடங்கி உட்கார அவளால் மட்டும்தான் முடியும். "நான் வளரலன்னு எங்கம்மா அழுததெல்லாம் வீணாப் போகலடி" என்கிறாள்.

ஜனவரி 19

பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருந்தது. அவள் மிதிக்க, நான் அடியில் படுத்துக் காற்றை வெளியேற்ற, மத்தியானம் முழுக்க இதே வேலை. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. நாலு சக்கரமும் சேர்ந்தே நின்றன. கட்டை இறங்கி வந்து கட்டிக்கொண்டாள், என் முகத்து ஆயிலோடேயே.

ஜனவரி 27

கேம்பஸ் இன்டர்வியூ தேதியை ஒட்டியிருக்கிறார்கள். பந்தயத்தில் பிரேக் சோதனை நடக்கும் அதே நாள்.

ஜனவரி 28

அம்மாவுக்குப் போன் செய்தேன். விளையாட்டுக்காக இவ்வளவு நல்ல கம்பெனியை விடுவாயா என்றாள். கோபம்கூட இல்லை, பயம். அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து அவள் குரலே அப்படி ஆகிவிட்டது.

கட்டையிடம் சொல்ல அரை நாள் ஆனது. அவள் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "போயிட்டு வாடி. பிரேக்கைத்தான் சரி பண்ணிட்டியே" என்றாள்.

வேறு தேதி தர முடியுமா என்று கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாமா? அக்கறை இல்லாதவள் என்று நினைத்துவிட்டால்?

பிப்ரவரி 6

வேலை கிடைத்துவிட்டது.

அதே நாள், மறுபடியும் –

இன்டர்வியூ ஹாலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கைக்கு வந்தபோது கட்டையின் அழைப்புகள் வரிசையாக. லாரியில் ஏற்றிப் போனதில் எங்கோ நட் தளர்ந்து, மறுபடியும் காற்று ஏறியிருக்கிறது. எந்த இடம் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பின்பக்க இணைப்புதான், அதுதான் எப்போதும் படுத்தும். சோதனையில் பின் சக்கரங்கள் நிற்கவில்லை. காரை டிராக்கில் இறக்கவே விடவில்லை.

அந்த நட்டைப் பத்திச் சொல்லிட்டாவது போயிருக்கலாமே. தோணவே இல்லையே எனக்கு.

பிப்ரவரி 8

திரும்பி வந்துவிட்டார்கள். கட்டை அறைக்குள் வந்ததும் "வாழ்த்துக்கள்டி" என்றாள். ஹெல்மெட்டை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தாகூடத் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 12

வேலை உத்தரவு வாங்கப் போனேன். பிளேஸ்மென்ட் சார் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அன்னைக்கு உங்களுக்குப் போட்டி இருந்துச்சாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அடுத்த வாரம் வச்சிருப்பாங்களேம்மா. வேற ரெண்டு பேருக்கு அப்படித்தான் வச்சாங்க."

ஒரு வார்த்தை. என் வாய்க்கு என்ன வந்துச்சு?

மார்ச் 2, 2023

வேலையில் சேர்ந்தபின் எழுதுவதை விட்டுவிட்டேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய மாணவி என்று கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். கட்டை இப்போது அங்கேயே விரிவுரையாளர். கார் அணி அவள் பொறுப்பில். இத்தனை வருடத்தில் பிறந்தநாள் வாழ்த்து தவிர எங்களுக்குள் பேச்சில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன்.

ஒர்க்‌ஷாப் வாசலில் மாணவிகளோடு நின்றிருந்தவள், "வாங்க மேடம்" என்றாள். பிள்ளைகள் எதிரில் அப்படித்தானே கூப்பிட முடியும் என்று நினைத்துக்கொண்டேன். காரைச் சுற்றிக் காட்டினாள். எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. நான் பேசினேன், கைதட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும். அவள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். நான் வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"காபி குடிக்கிறீங்களா?"

"குடிக்கலாங்க" என்றேன்.