பெல்ட் வைத்த சுவெட்டர்

ஜூன் 9, ஞாயிறு
மாதா கோயிலில் பழைய சாமான் விற்பனை. 1971இல் அச்சான ஒரு பின்னல் புத்தகம் வாங்கினேன். அட்டையில் ஒரு வெள்ளைக்காரன்: பெரிய கிருதா, ஆரஞ்சு சுவெட்டர், அகலக் கொலர், இடுப்பில் அதே நூலில் பெல்ட். எங்கள் வட்டவளை மலைக் குளிரே அவனுக்கு வழிவிடும் போல ஒரு நிற்பு. எனக்கு நாற்பத்து மூன்று வயது, தேயிலை ஃபெக்டரியில் கிளார்க். ஒருநாளாவது அப்படி நின்றிருக்கிறேனா?

ஜூன் 12
ஹட்டனில் நூலும் ஊசியும் வாங்கியாயிற்று. மனைவி ஜெரோமிக்குச் சொல்லவில்லை. சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவாள்.

ஜூன் 20
புத்தகத்து ஆங்கிலம் விளங்கவில்லை. ஃபோன் வீடியோவில் ஒரு சிங்கள அக்கா சொல்லித் தருகிறார். வேலை முடிந்ததும் ஃபெக்டரி ஸ்டோரில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம். முதுகுப் பக்கம் முடிந்தது. ஒரு கை மட்டும் முழங்கால் வரை போகிறது.

ஜூலை 3
ஜெரோமி சோற்றுத் தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். ஏன்?

ஜூலை 4
இதற்குத்தானா! தினமும் தாமதம், சட்டையில் ஆரஞ்சு இழை, ஃபோனில் பெண் குரல்.
"யாருங்க அவ?"
"அது வந்து... நூல்..."
"நூலா? பேரே நூலா?"
பையைத் தூக்கிக்கொண்டு நோர்வூட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐயோ, சுவெட்டர் பின்னுனேன்னு சொன்னா எவன் நம்புவான்?

ஜூலை 7
ஊசி, நூல், புத்தகத்தோடு நோர்வூட் போனேன். மாமியார், மச்சான் மிலான், பக்கத்து வீட்டார் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து இரண்டு வரி பின்னிக் காட்டினேன். மிலான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். ஜெரோமி சிரிக்கவில்லை. அட்டையை வெகுநேரம் பார்த்தாள்.
"இந்தக் கிருதாக்காரன் மாதிரி ஆகணுமா உங்களுக்கு?"
"ஆமா."
"மொதல்லயே சொல்லக் கூடாதா? மூணு நாளா அழுதுக்கிட்டுக் கெடக்கேன்."
கடைசி பஸ்ஸில் இருவரும் திரும்பினோம்.

ஜூலை 28, ஞாயிறு
சுவெட்டரோடு பூசைக்குப் போனேன். நீளக் கையை நாலு மடிப்பு மடித்து, பெல்ட்டும் கட்டி. பிரசங்கத்தில் ஃபாதருக்கு இரண்டு தடவை வார்த்தை மறந்தது. ஜெரோமி என்னை ஒட்டியே நின்றாள்.

ஆகஸ்ட் 10
இப்போதெல்லாம் வேலை விட்டால் நேரே வீடு. புத்தகத்தில் பதினாலாம் பக்கத்து ஊதா மேலங்கி ஜெரோமிக்கு வேண்டுமாம். அவள் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறாள், நான் பின்னுகிறேன்.
"கண்ணிய எண்ணுங்க, என்னப் பாக்காதீங்க" என்கிறாள்.
இன்று பின்னியதை மூன்று தடவை அவிழ்த்தேன்.