சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்குப் போகாதே

யேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
திங்கட்கிழமை

அன்பு மகள் சான்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் பேத்தி ஜோவிட்டாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலை முடியும்போது தனியாக ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொள்கிறேன். சுகம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்துகிறேன், மனசு பதறுகிறது. சனிக்கிழமை ஜோவியைக் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போகாதே. டிக்கெட் போனால் போகட்டும், கட்டிவைத்த பெட்டி கட்டியபடியே இருக்கட்டும், போகாதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன், பொறுமையாக முழுவதும் படி, பாதியில் அழ ஆரம்பித்துவிடாதே. உன் போனில் வருவதையெல்லாம் உன் புருஷன் டெரிக்கும் பார்க்க முடியும் என்று நீ சொன்னதிலிருந்து வாட்ஸப்பில் எனக்கு ஒரு வரி எழுதவும் பயம். நல்லவேளை, மாடியில் குடியிருக்கிறார்களே, அவர்கள் பெண் ஜஹனாரா லீவு முடிந்து புதன்கிழமை மெல்போர்னுக்குத் திரும்புகிறாள். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், வியாழக்கிழமை ஜோவியின் பள்ளிக்கூட வாசலிலேயே வந்து உன்னிடம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். உங்க அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்துக்குப் போய்வருவதற்கே, பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுக்கிற மனுஷன். கோயிலில் பெயர் வாசிக்காமல் இந்த வீட்டில் ஒரு காரியம் தொடங்கினதில்லை, நீ பத்தாம் வகுப்பு எழுதினதும் அப்படித்தான், எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் அப்படித்தான். நீ வருகிற விஷயம் நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய், நானும் தலையில் அடித்துச் சொன்னேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டார். பதினைந்து நாளைக்கு முந்தின ஞாயிறு, பூசை ஆரம்பிக்குமுன் கருத்துகள் வாசிக்கிறார்கள், இன்னாருக்குப் பிறந்தநாள், இன்னாருக்கு நினைவுநாள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று மைக்கில், ஆஸ்திரேலியாவிலிருந்து நிரந்தரமாகத் தாயகம் திரும்பும் மகள் சான்ட்ரா, பேத்தி ஜோவிட்டா ஆகியோரின் பயணம் நலமாக அமைய இக்னேஷியஸ் குடும்பத்தார் என்று வருகிறது. திரும்பி அவரைப் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு உருகி ஜெபித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டால், ஆண்டவரிடம் சொல்வதுகூடவா ரகசியம் என்கிறார். ஆண்டவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லையே சான்ட்ரா, கொரோனா காலத்தில் ஆரம்பித்த நேரலை இன்னும் நிற்கவில்லை. முட்டிவலிக்காரர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து யூடியூபில்தான் பூசை பார்க்கிறார்கள். அதில் உன் மாமியார் பிரிஸில்லாவும் ஒருத்தி.

அடுத்த நாளே மெரினா பக்கம் நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன், நான் வாடிக்கையாக வாங்குகிற அம்மாள் சங்கரா மீனைச் செதிலெடுத்துக்கொண்டே, இன்னாம்மா, பேத்தி ஒரேடியா இங்கியே வந்துடுதாமே, கோயில்ல சொன்னாங்களே என்று சிரிக்கிறாள். அவள் வாய்க்கே வந்தபிறகு யார் காதுக்குப் போகாமல் இருக்கும். பத்து நாளுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். முந்தாநாள் சனிக்கிழமை அதே மீன்கடையில் பிரிஸில்லா ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். பெசன்ட் நகரிலிருந்து அந்த முட்டிவலிக் காலை வைத்துக்கொண்டு மீன் வாங்கவா இவ்வளவு தூரம் வருவாள், என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் சண்டை போடவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு என்று சொல்லித்தானே உன் பெண் என் பிள்ளையிடம் சம்மதம் வாங்கினாள், நானும் பேத்திக்கு கவுன் தைக்கக் கொடுத்துவிட்டேனே ஃப்ளோரன்ஸ் என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நேரலையை அவள்தான் டெரிக்குக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் அன்றைக்கே வக்கீலைப் பார்த்து, கோர்ட்டில் மனு போட்டு, ஜோவியின் பெயரை ஏர்போர்ட்டில் தடுத்து நிறுத்துகிற பட்டியலில் சேர்க்க உத்தரவும் வாங்கிவிட்டானாம். கோர்ட் காகிதம் உன் கைக்கு இந்த வாரக் கடைசியில் வருமாம், அதுவரை மூச்சு விடக்கூடாது என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் மூச்சு விட்டுவிட்டாள். போலீஸ்காரர்கள் வந்து அம்மாவையும் பிள்ளையையும் வரிசையிலிருந்து தனியாகக் கூட்டிப்போவதை அந்தக் குழந்தை பார்க்கவேண்டாம், என் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறேன், ஆனாலும் பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீன் வாங்காமலே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அவளை நான் இந்த எட்டு வருஷமாக என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஆட்டோ போன பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவர் அசையவில்லை. கச்சேரி ரோடு வக்கீல் வேதாந்தம் சார் ஏற்கெனவே அவருக்கு தைரியம் கொடுத்து வைத்திருக்கிறார். பெற்றவர்களில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பவேண்டும் என்று நாடுகளுக்குள்ளே ஒரு ஒப்பந்தம் இருக்கிறதாம், ஹேக் ஒப்பந்தம் என்று பெயர். கவலையே படாதீங்கோ சார், அதுல நாம கையெழுத்தே போடலை, குழந்தை உங்காத்துக்கு வந்து சேர்ந்துடுத்துன்னா அவாளால ஒண்ணும் பண்ண முடியாது என்று சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து உங்க அப்பாவுக்கு நம் வீட்டைச் சுற்றிக் கோட்டை கட்டினமாதிரி நினைப்பு. உன் பழைய அறைக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஜோவிக்கு ஸ்கூல் சீட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். பட்டியலாவது ஒன்றாவது, சனிக்கிழமைக்குப் பதில் நாளைக்கே வேறு ஊர் வழியாக ஏறச் சொல்லு என்று என்னிடம் கத்துகிறார். அதனால்தான் உனக்கு அவர் ஏதாவது சொல்லிவிடுவதற்குள் எழுதுகிறேன்.

எனக்கு மனசு கேட்காமல் நேற்று பூசை முடிந்ததும் அடையாறுக்குப் போய் தாரணியைப் பார்த்தேன். என்னிடம் கணக்கு படித்த பெண், உனக்கு இரண்டு வகுப்பு ஜூனியர், சிட்னியில் சட்டம் படித்துவிட்டு வந்து இப்போது இங்கே ஹைகோர்ட்டில் இருக்கிறாள். அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் அரசாங்கம் வெளிநாட்டில் போய் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தானாகவே உள்ளூர்ச் சட்டம் ஆகிவிடாதாம், அவர்கள் தங்கள் சட்டத்துக்குள் அதை எழுதிச் சேர்த்தால்தான் கோர்ட்டில் முழுப் பலத்தோடு நிற்குமாம். நிச்சயதார்த்தம் முடிந்தது, தாலி இன்னும் ஏறவில்லை என்கிற கதைதானா என்று நான் கேட்டேன், அதேதான் டீச்சர் என்றாள். அப்படி நிச்சயத்தோடு நிற்கிற ஒப்பந்தங்கள் அங்கே நிறைய உண்டாம். ஆனால் இந்த ஹேக் ஒப்பந்தத்தை அவர்கள் எப்போதோ தங்கள் சட்டத்தில் ஏற்றிவிட்டார்கள், அங்கே அது உயிரோடு இருக்கிறது. அதுவும் போக, பிள்ளை பற்றிய வழக்கு நடக்கும்போது மற்றவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோனால் அது குற்றம், ஜெயில்கூட உண்டாம். இந்தியா கையெழுத்துப் போடவில்லை என்பதை வேதாந்தம் சார் ஒரு பக்கம்தான் பார்த்திருக்கிறார். நாம் போடாததால்தான் அந்த ஊர் நீதிபதிகள், இந்தியாவுக்குப் போன பிள்ளை திரும்பி வருமோ வராதோ என்று இன்னும் இறுக்கமாகப் பார்ப்பார்களாம். உங்க அப்பா கோட்டை என்று நினைத்ததே உன் கதவுக்கு மேல் இன்னொரு பூட்டு. அப்படியே தப்பி வந்துவிட்டாலும் டெரிக் இங்கே ஹைகோர்ட்டில் மனு போடலாம். பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிபதி பார்த்து, திருப்பி அனுப்பு என்று சொன்னாலும் சொல்வாராம், அப்படி நடந்த வழக்குகள் உண்டாம். அப்போது அங்கே உன் மேல் கேஸ் இருக்கும். ஜோவி அங்கே, நீ இங்கே. தாரணி இதைச் சொன்னபோது அவள் கொடுத்த காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

அவளிடம் நான் கேட்டேன், அப்படியானால் என் பெண்ணுக்கு வழியே இல்லையா, வாரக்கணக்கில் வாய் திறந்து பேசாத ஒருத்தனோடு ஒரே வீட்டில் அவள் மூச்சு முட்டிச் சாகவேண்டியதுதானா என்று. கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், அவள் மாமியார் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். வழி இருக்கிறது, ஆனால் நேர்வழி என்றாள். நீ தனியாக வீடு எடுத்துக்கொண்டு போகலாம், அதற்கு யாரும் தடை இல்லை. பிள்ளையோடு சென்னைக்குக் குடிமாற வேண்டும் என்று நீயே அந்தக் கோர்ட்டில் வெளிப்படையாகக் கேட்கலாம். குழந்தைகளின் உரிமைக்கென்று உலக நாடுகள் போட்ட இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறதாம், அதை நிறைவேற்றுவதற்காகவும்தான் இந்தச் சட்டம் என்று அவர்கள் குடும்பச் சட்டத்தின் முன்பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். அதனால் அம்மாவுக்கு என்ன வேண்டும், அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எது நல்லது, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்பார்களாம். நாள் பிடிக்கும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் சனிக்கிழமை பிடிபட்டுவிட்டால் அதன்பிறகு நீ கேட்கிற எதையும் நம்பமாட்டார்கள் என்றாள். மெல்போர்னில் அவளுக்குத் தெரிந்த குடும்ப வக்கீல் ஒரு அம்மாள் இருக்கிறார், நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமையே ஆபீஸ் போனிலிருந்து பேசு.

நீ வரவேண்டாம் என்று எழுதுவதற்கு என் கை எப்படி வருகிறது என்று நினைப்பாய். இங்கே மழை பிடித்துக்கொண்டது, லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதிலும் நனைந்துகொண்டு போய் உனக்குப் பிடித்த அந்தப் பச்சைக் கரை போர்வையை வாங்கி வந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த ரோஸ் அறையில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன். உன்னைவிட எனக்குத்தான் அவசரம் சான்ட்ரா. அதனால்தான் இவ்வளவு நாள் நானும் உன் கூட்டாளியாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை வீடியோவில் ஜோவியிடம் ரோஸ் சுவரைக் காட்டினேன், இது யாருக்குத் தெரியுமா என்று. குதித்தாள், கட்டில் எங்கே, பொம்மை எங்கே வைப்பது என்றெல்லாம் கேட்டாள். நீ அந்தப்பக்கம் சமையலறையில் இருந்தாய். பிறகு குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்து, பாட்டி, டாடி எங்கே தூங்குவாங்க என்று கேட்டாள். நான் நெட்வொர்க் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது. நாம் மூன்று பேரும் இத்தனை திட்டம் போட்டோமே, ஒருத்தராவது அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா. டெரிக் உனக்கு நல்ல புருஷனாக இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் அவள் தேடுகிற ஆள் அவன். நீதிபதிக்கு முன்னால் அவள் வாயால் அந்தக் கேள்வி வரட்டும், உனக்கும் அதற்கு ஒரு பதில் இருக்கட்டும்.

நான் வருகிறேன். பார்வையாளர் விசாவுக்கு ஜஹனாரா உட்கார்ந்து விண்ணப்பித்துக் கொடுத்துவிட்டாள். கோர்ட்டுக்குப் போகிற நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஒரு ஆள் வேண்டுமே. உங்க அப்பாவை இங்கே தனியாக விட்டால் வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, தெரிந்துகொள்ளட்டும். நீ இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, பின்பக்க நம்பரை மட்டும் எடுத்து வைத்துக்கொள். பிரிஸில்லா சொன்னதாக டெரிக்கிடம் கோபத்தில்கூட வாய்விட்டுவிடாதே, அவள் நமக்குச் செய்ததற்கு நாம் செய்கிற மரியாதை அதுதான். கடிதம் கிடைத்தது என்று சொல்ல வேண்டாம், வியாழக்கிழமை ராத்திரி வழக்கம்போல் போன் பண்ணி, அம்மா என்ன சமையல் என்று மட்டும் கேள், எனக்குப் புரிந்துவிடும்.

நீ அப்படிக் கேட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு நானே கருத்து கொடுப்பேன், எழுதித் தயாராகப் பைக்குள் வைத்திருக்கிறேன். பயணம் என்ற வார்த்தை அதில் இல்லை. டெரிக், சான்ட்ரா, ஜோவிட்டா மூவருக்கும் சமாதானம் வேண்டி, பாட்டிமார் இருவரும் என்று மைக்கில் வாசிப்பார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார். பெசன்ட் நகரில் ஒருத்தி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு போனில் அதைக் கேட்பாள். நீ ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை என்று அவளுக்குத் தெரிய எனக்கு வேறு வழி இல்லை.

தேவமாதா உன்னையும் என் தங்கத்தையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக. ஜோவிக்கு என் முத்தங்கள்.

உன் அம்மா,
ஃப்ளோரன்ஸ் இக்னேஷியஸ்