தயிருக்கு உறவான கிருமி

என்னை அதட்டி அதட்டியே ஆளாக்கிய ரோசாலி அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு வரியை உனக்கு எழுதத்தான் நான்கு மாதம் காத்திருந்தேன்.

நேற்று லாஸ்பேட்டையில், நீ பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்த மைதானத்தைத் தாண்டி வந்தேன். உன்னிடம் பழகியவள் ஒருத்தி வண்டியை நிறுத்தி, “ஒடம்பு தேவலாமாண்ணா?” என்று கேட்டாள். உனக்கு வந்த அதே நோய் எனக்கும் வந்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது. உனக்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் உனக்கு வந்த காய்ச்சல் நினைவிருக்கிறதா? வரும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் நாலு வாங்கிப் போடுவாய். போகும். பத்து நாளில் திரும்பி வரும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “புதுசா ஆறு பேரு சேந்துருக்காங்கடா, நான் படுத்துகிட்டா யாரு பாக்கறது?” என்பாய். மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தபோது இதயத்தின் வால்வு ஒன்று அரிக்கப்பட்டிருந்தது. அரைகுறையாகப் போட்ட மாத்திரைகளால் ரத்தப் பரிசோதனையில் எந்தக் கிருமியும் பிடிபடவில்லை.

அந்த மாத்திரைகளை இரண்டு முறை வாங்கி வந்து கொடுத்தவன் நான்தான், அக்கா. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

உன் வால்வு பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டு இதழோடு இருந்ததாம். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம் என்று சொல்லி எங்கள் எல்லோருக்கும் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். உன் மகள் லீனாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது.

இந்த வருடம் ஒரு சொத்தைப் பல் ஒரு மாதமாகப் படுத்தியது. அதன் பிறகு மாலையானால் குளிர், காய்ச்சல். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கமாக இருக்கிறது. நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு அட்டை வாங்கி வந்தேன். முதல் மாத்திரையைப் பிரிக்கும்போது கருவடிக்குப்பத்திலிருந்து லீனா வந்து நின்றாள். அட்டையைப் பிடுங்கினாள்.

“அம்மா மாதிரியே நீயும் பண்ணுவியா மாமா? மொதல்ல ரத்தம் குடு. அப்புறம் எத்தினி மாத்தர வேணா முழுங்கு.”

திட்டும்போது அவள் குரல் அப்படியே உன் குரல். போய் அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் கதையையும் என் வால்வையும் அவளே சொன்னாள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து வைத்த முதல் பாட்டிலில் ஏதோ வளர்ந்தது. எடுக்கும்போது கலந்த கிருமியாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். மறுபடி வெவ்வேறு இடத்தில் குத்தி எடுத்தார்கள். அதிலும் அதே கிருமி.

டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். “இது எல்லார் வாயிலயும் வயித்துலயும் சும்மா கெடக்கற ஜாதிங்க. தயிர்ல இருக்கறதுக்கு உறவு. யாரையும் ஒண்ணும் பண்ணாது. அபூர்வமா உங்கள மாதிரி வால்வு கெடச்சா அங்க போய் ஒட்டிக்கும்” என்றார்.

பக்கத்தில் நின்ற என் மனைவி மார்த்தாவின் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ, தெனமும் தயிர் ஊத்துனது நான்தானே டாக்டர்!”

“தயிர் மேல பழி போடாதீங்கம்மா. அந்தப் பல்லு வழியாத்தான் போயிருக்கும்.”

உனக்கும் இதே கிருமிதானா என்று கேட்டேன். “அது இனிமே தெரியாதுங்க” என்றார். தெரிந்திருந்தால் நீ இருந்திருப்பாயா?

ஆறு வாரம் ஊசி. கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் குளிர் நின்றது. இரண்டாம் வாரம் ரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. அன்றைக்கு மார்த்தா வார்டு என்றும் பாராமல் அழுதாள். நான் இரண்டாவது இட்லித் தட்டு கேட்டேன். வால்வில் லேசான கசிவு உண்டு. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள்.

இப்போது உழவர்கரைக்கு வேலைக்குப் பழையபடி போய்வருகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறைக்கு நானே வெள்ளையடித்தேன். லீனா சாமந்தி கொண்டுவந்தாள். அழவில்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் எனக்கு ஐம்பது, அக்கா. நீ நாற்பத்தொன்பதோடு நின்றுவிட்டாய். வருடா வருடம் எக்கோ எடுப்பேன். பல்லை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன். காய்ச்சல் வந்தால் ரத்தம் கொடுக்காமல் ஒரு மாத்திரையைக்கூடத் தொடமாட்டேன். இது சத்தியம். வயதில் உன்னைத் தாண்டிப் போகப்போகிறேன். அதற்காக அதட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

என்றைக்கும் உனக்கு இளையவனாகிய
உன் தம்பி