உங்களுக்கு யாரும் சொல்லாத காய்ச்சல்

ஏனுங்க,

இன்றைக்குக் காலையில் தெற்குத் தோப்பில் பூச்சி மருந்தடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமரம் பூ எடுத்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காதே. மோட்டார் சத்தம் கேட்பதற்கு முன்பே நெடி வந்துவிட்டது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி, கொடியில் கிடந்த துணியை அள்ளி, தண்ணீர்க் குடத்தை மூடி, பிள்ளைகள் இரண்டையும் உள்ளறையில் தள்ளிக் கதவைப் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான், நீங்கள் செய்வதை அப்படியே செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. நீங்கள் போன பிறகு நம் ஊர் முதலமடையில் எடுத்திருக்கும் முதல் பூ இது.

நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் நீங்களும் மருந்து அடித்தவர்தான். கம்பெனி ஆள் வந்து, "ஒண்ணுமே ஆகாதுங்க, பூச்சிக்கு மட்டுந்தானுங்க" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் மரத்தடியில் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. மருந்தடித்த ஆள் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அன்றோடு நிறுத்தினீர்கள். தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வந்த வியாபாரிகள் உங்கள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். "நோவு வந்த மரத்துக்கு மருந்து குடுக்கலாம். நோவே இல்லாத மரத்துக்கு எதுக்கு அம்முணி?" என்று என்னிடம் கேட்டீர்கள். காய் குறைந்தது, ஆனால் நம் தோப்பு மாம்பழத்தைப் பிள்ளைகள் கழுவாமல் கடித்தார்கள். அதில் நீங்கள் சொன்னதுதான் சரி. அதுவே எனக்கு வினையாகப் போயிற்று. ஒன்றில் அவ்வளவு சரியாக இருந்த மனிதரோடு இன்னொன்றில் நான் எப்படி வாதாடுவேன்?

பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஊசி போட்ட அன்று, அழுகிற பிள்ளையைப் பார்க்க முடியாது என்று நான் வெளியே நின்றுகொண்டேன். நீங்கள்தான் மடியில் வைத்துக் காலை இறுக்கிப் பிடித்துக் காட்டினீர்கள். சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. உங்கள் தோளில் கிடந்தவள் திடீரென்று விறைத்தாள். கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்தது. செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினீர்கள். மாங்காய் ஏற்றிவந்த லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே பிள்ளை கண் விழித்து அழுதுவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி இழுக்கும் என்றார்கள். உங்கள் காதில் எங்கே ஏறியது? "நானே புடிச்சுக் காட்டுனேன், நானே புடிச்சுக் காட்டுனேன்" என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இலேசாக உடம்பு சுட்டாலும் போதும், கட்டில் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொள்வீர்கள். "கண்ணு, அப்பா தெரியாமப் பண்ணிட்டேன்டா." அவளுக்கு ஒன்றும் புரியாது, சிரிப்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

தம்பி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு ஊசிக்கும் நீங்கள் விடவில்லை. ஊசி போடுகிற மலையாளத்துச் சிஸ்டர் வீடு தேடி வந்து, "சேட்டா, ஒண்ணும் வராது" என்றார். "இதே வார்த்தையத்தானுங்க பூச்சி மருந்துக் கம்பெனிக்காரனும் சொன்னான்" என்றீர்கள். அவர் போன பிறகு, அது வேறு இது வேறு என்று நான் மெல்லச் சொன்னேன். "உனக்கு நிச்சயமாத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாதத என்ற புள்ள மேல செய்ய மாட்டேன்." நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல நான் என்ன படித்தேன்? நீங்கள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கண் கலங்கி நின்றீர்கள்.

மழை ஓய்ந்த சமயத்தில், தோப்பில் கிளைகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தண்ணீர் கேட்டீர்கள். கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து பயப்பட வேண்டியதை ஒருத்தி தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்!

போன மாதம் வடக்குத் தெருவில் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. நம் தம்பி வயதுதான். அதற்கும் ஊசி எதுவும் போட்டிருக்கவில்லை. திருச்சூர் வரை கொண்டு போனார்கள், பிழைக்கவில்லை. அந்தத் தாய் அழுத சத்தம் நம் அடுப்படி வரை கேட்டது. நான் தம்பியின் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள் அக்கா, என் நங்கையா, இப்போது என்னோடுதான் இருக்கிறார். காந்தலூரில் பூண்டும் பீன்ஸும் விளைந்து கிடக்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். தம்பிக்கு ஊசி போடப் போகிறேன் என்றதும் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்னவன் கண்ணு மூடுனதும் ஓடறதா? அவன் வார்த்தைக்கு அவ்வளவுதான் மருவாதியா?"

"அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க நங்கையா. வரட்டும், வந்து புள்ளையப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் அழுதோம்.

மறுநாள் நங்கையாவும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாப்பாவுக்கு நடந்ததைச் சிஸ்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். போடலாம் என்றார் டாக்டர், காய்ச்சலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "ஒண்ணும் வராது" என்று இந்த முறை சிஸ்டர் சொல்லவில்லை. "பனி வரும் சேச்சி, காய்ச்சல் வரும். மருந்து கொடுங்க, பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க" என்றார். தம்பியின் காலை நான் இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதானுங்க எனக்குத் தெரிந்தது, அன்றைக்குப் பாப்பாவின் கால் உங்கள் கைக்குள் எப்படித் துள்ளியிருக்கும் என்று.

மருந்து கொடுத்தும் பிற்பகலில் உடம்பு அனலாகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். விறைத்தான். அதே மாதிரி, அந்தக் கண், அந்த இழுப்பு. உங்கள் பேரைச் சொல்லிக் கத்தினேன். வாழ்நாளில் சொல்லாத பேரைச் சொன்னேன்.

நங்கையா என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினார். பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அரைஞாணைத் தளர்த்தி, வாயோரம் வழிந்ததைத் துடைத்தார். "கையக் காலப் புடிக்காத. வாயில ஒண்ணும் வெக்காத. தானா உட்டுரும் கண்ணு, உட்டுரும்." பால் பொங்கி அடங்குவதைப் பார்த்து நிற்பவர் போல நின்றார். சொன்ன மாதிரியே விட்டது. தம்பி மூச்சை இழுத்து அழுதான்.

ஆட்டோவில் போகும்போது கேட்டேன். "உங்களுக்கு எப்படி நங்கையா இதெல்லாம் தெரியும்?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்ற ஊட்டுக்காரனுக்கும் இப்படித்தான் இழுக்கும். சின்னதுல, காய்ச்சல் வந்தாப் போதும். என்ற மடியிலதான் கெடப்பான். பள்ளிக்கூடம் போற வயசுல தானா நின்னுபோச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஊருக்குள்ள தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு அம்மா வாய்ப்பூட்டுப் போட்டுட்டா. பாப்பாவுக்கு இழுத்துச்சுன்னு நீ போன்ல சொன்னப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. சொன்னா அவளுக்கும் பேராயிருமேன்னு வாயத் தொறக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. டாக்டர் தம்பியைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றார். இவங்கப்பாவுக்கு என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஊசியால் காய்ச்சல் வந்தது உண்மை. ஆனால் இழுப்பு வம்ச வழி. சளிக் காய்ச்சல் வந்திருந்தாலும் இழுத்திருக்கும். பெரும்பாலும் வயது ஏற ஏற நின்றுவிடும், மூளைக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பிள்ளைக்கு மிச்ச ஊசிகளையும் விடாமல் போட வேண்டும்.

இதைக் கேட்கத்தான் நீங்கள் இருந்திருக்க வேண்டும். நான் தலையாட்டிக் கேட்டு என்ன பிரயோஜனம்? பாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அந்த வருஷங்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? உங்கள் அக்காவிடமா? அவரும் பாவம், உங்கள் கல்யாணத்துக்காக வாயை மூடிக்கொண்டு, வயதான காலத்தில் உங்களையே பறிகொடுத்துவிட்டு நிற்கிறார்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். உள்ளறையில் பாப்பாவோடு சண்டை போடுகிற சத்தம் கேட்கிறது. அடுத்த ஊசிக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். போவேன், பயந்துகொண்டே போவேன்.

நேற்று நங்கையா என் முன்னால் கையை நீட்டினார். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு கண்ணு. பாப்பா பொம்பளப்புள்ள." நான் கையைக் கொடுக்கவில்லை. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்று, அதற்கு ஒரு நாள் காய்ச்சல் வரும். அன்றைக்கு அவளும் அவள் புருஷனும், நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் என்று சாகக்கூடாது. கட்டுகிறவன் தெரிந்தே கட்டட்டும், பிடிக்காதவன் போகட்டும். அவளுக்கு விவரம் தெரிகிற வயதில் நானே உட்கார வைத்துச் சொல்வேன்.

உங்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை. நீங்கள் அவள் காலைப் பிடித்ததால் வந்ததில்லைங்க அது.