நாற்பத்தொரு சென்டிமீட்டர்

மார்ச் 3, திங்கள்

இடுப்பிலிருந்த நீலம் மஞ்சளாகிவிட்டது. விபத்து நடந்து மூன்று வாரம். இன்றுதான் முனகாமல் குனிந்து செருப்பு மாட்டினேன்.

பழைய காரைக் காயலான் கடைக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் என் பக்கத்துக் கதவைத் தட்டிக் காட்டி, “அக்கா, இது கதவில்ல, பிஸ்கட் டின்” என்றான். சிக்னலில் பக்கவாட்டில் வந்து இடித்த வேன் மெதுவாகத்தான் வந்தது. அதற்கே கதவு என் மடிக்கு வந்துவிட்டது. எனக்குப் பின்சீட்டில் பெரியவள், பதினொரு வயது. அவளுக்குப் பக்கத்தில் குட்டிப்பயல், நாலு வயது, தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் ஒரு கீறல் கிடையாது. அந்த வேன் இன்னும் ஓரடி பின்னால் இடித்திருந்தால்? அது பெரியவளின் கதவு. இதை நினைக்காத நாளில்லை.

எழுதி வைக்கிறேன், நானே மாற்றக் கூடாது: அடுத்த வண்டியில் பின்சீட்டுக்கும் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கணும். இல்லாவிட்டால் வண்டியே வேண்டாம், பஸ்ஸில் போகிறோம்.

மார்ச் 8, சனி

ஷோரூம். ஓட்டப்போவது நான். ஆனால் விற்பனைக்காரப் பையன் இன்ஜின், மைலேஜ் எல்லாம் அவரிடம் சொல்கிறான். என் வீட்டுக்காரரோ வேலைக்கு ரயிலில் போகிறவர், மாதம் இரண்டு தடவை ஸ்டீயரிங்கைத் தொட்டால் அதிகம். என் பக்கம் திரும்பி, “மேடம், கலர் பாத்துச் சொல்லுங்க” என்றான்.

“கலர் கிடக்கட்டும் தம்பி. பக்கத்துல இடிச்சா பின்சீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? அத சொல்லுங்க” என்றேன். உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தான்.

சின்ன வண்டியில் முன்னால் மட்டும் இரண்டு ஏர்பேக். பெரியதில் பின்சீட்டு ஜன்னல் வரைக்கும் இருக்கிறது. அகலம் 183 சென்டிமீட்டர். முடிவு பண்ணிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டை அளந்தார். சுவருக்குச் சுவர் 236. வண்டி போக 53. அந்தப் பக்கம் உரசாமலிருக்க 12 விட்டால், ஓட்டுபவர் இறங்க 41. கதவின் கனம் போனால் ஒரு சாண். பிள்ளைகளை வாசலிலேயே இறக்கிவிடலாம். தெருவில் வண்டியை நிறுத்த அனுமதியில்லை. ஆக, உள்ளே மாட்டிக்கொள்வது நான் ஒருத்திதான்.

டேப்பைச் சுருட்டியபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ கொஞ்சம் இளைச்சா போதும், பிரச்சினை தீந்துது.” சிரிப்பு வேறு.

நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாரிடம், அதான் அவர் அக்காவிடம், போனில் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டு. அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நல்லதாப் போச்சு, இந்தச் சாக்குலயாவது உடம்பக் குறைக்கட்டும்! பெரியவளும் இவள மாதிரிதான் வருவா, பாரு.”

“செருப்பு சின்னதா இருந்தா கால வெட்டிக்கச் சொல்வீங்களா அண்ணி?” என்றேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்” என்றாள். கூடம் கோணல்தான்! 236 சென்டிமீட்டரில் ஷெட் கட்டினவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பெரியவள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மார்ச் 12, புதன்

ராத்திரி சாப்பிடவில்லை. பசியில்லை என்றேன். பொய்.

மார்ச் 15, சனி

இதை யாருக்கும் சொல்லப் போவதில்லை. எல்லாரும் வெளியே போயிருந்தபோது ஷெட்டுக்குப் போனேன். சுவரிலிருந்து நாற்பத்தொன்று தள்ளிப் பழைய மேசையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்து நடுவில் நுழைந்து பார்த்தேன். மூச்சைப் பிடித்தேன், வயிற்றை எக்கினேன். நெஞ்சு போயிற்று, இடுப்பு போகவில்லை. சுவரில் உரசி, ஆறி வந்த இடம் மறுபடி எரிகிறது. சட்டையில் ஒரு பொத்தான் போச்சு.

அன்றைக்கு அண்ணிக்குச் சுடச்சுடப் பதில் சொன்னவள் நான்தானா? அவர்கள் சொன்னதைக் கேட்டு இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேனே, வெட்கமாக இல்லை எனக்கு?

மார்ச் 19, புதன்

“பேசாம சின்னதையே எடுத்துடலாம். எல்லாருக்கும் சௌகரியம்” என்றார்.

“எல்லாருக்கும்னா? பின்சீட்டுல உக்காரப்போறவளக் கேட்டீங்களா?”

“தினமுமா இடிக்கப்போறாங்க?”

“ஒரு நாள் இடிச்சாப் போதும்.”

அவர் காபியை மேசையில் ‘ணங்’கென்று வைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பெரியவளின் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. கைபடாமல். பையைத் துழாவினால் புதனோடதும் இருக்கு, ஊசிப்போய். என்னடீ இதுன்னு கேட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்றா — “நானும் உன்ன மாதிரிதான் வருவேன்னு அத்தை சொன்னாங்கல்ல. இப்பவே குறைச்சா அப்புறம் வண்டில எடம் பத்தும்ல?”

அய்யோ. நான் செத்தேன்.

நான் தட்டுல பாதிய வச்சதை எல்லாம் அவ பாத்துட்டிருந்திருக்கா. பசியில்லைன்னு நான் சொன்ன பொய்ய அவளும் எடுத்துக்கிட்டா. என் பிள்ளைய நசுங்காம காப்பாத்தத்தானே இவ்வளவு மல்லுக்கட்டுறேன்? வீட்டுக்குள்ள நானே நசுக்கிட்டேனே!

அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் நிறுத்திக் கேட்டேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். “அன்னிக்கு அந்தக் கதவு உள்ள வந்தப்ப தாங்கினது இந்த இடுப்புதான். சதை இருந்ததால எலும்பு தப்பிச்சதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? இனிமே இந்த வீட்டுல யார் உடம்பப் பத்தியும் ஒரு வார்த்தை வரக் கூடாது. நீங்களும் சரி, உங்க அக்காவும் சரி.”

அவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சும்மா தமாஷுக்குத்தான்...” என்று ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

கடையில் ஒரு புருஷன் பெண்டாட்டி. எங்கள் பர்னிச்சர் கடையில் வீடுகளுக்குப் போய் அளவெடுத்து, எது எங்கே நிற்கும் என்று சொல்வதுதான் பதினாலு வருஷமாக என் வேலை. போன மாசம் அவர்கள் வாங்கின பீரோவின் கதவு கட்டிலில் இடித்துப் பாதிதான் திறக்கிறதாம்.

“அறையோட படத்தை வரைங்க” என்றேன். வரைந்தார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. “எதிர்ச் சுவருக்கு மாத்திப் போடுங்க. கதவு வாசற்படிப் பக்கம் திறக்கும், அங்க இடம் இருக்கு.” சந்தோஷமாகப் போனார்கள்.

போன பிறகுதான் உறைத்தது. பீரோ திறக்கவில்லை என்று வருகிறவர்களிடம் ‘இளைச்சிட்டு வாங்க’ என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மகராசி, சொந்த வீட்டு ஷெட்டுக்கு அவர் சொன்ன கணக்கை அப்படியே நம்பியிருக்கிறேன். அவர் வண்டிக் கதவு மூடியிருப்பதாக வைத்து அளந்தார். நான் கதவு எங்கே திறக்கும் என்று பார்த்து அளப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

பெரியவளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவள் டேப்பின் ஒரு முனை, நான் மறுமுனை. தரையில் சாக்பீஸால் வண்டியை வரைந்தோம். மூக்கு உள்ளே போகிற மாதிரி ஒன்று, பின்பக்கமாக ஏற்றுகிற மாதிரி ஒன்று.

எதிர்ச் சுவரில் சமையலறைக்குள் போகிற கதவு இருக்கிறதே, அது சுவரிலிருந்து 25 உள்தள்ளி இருக்கிறது. வண்டியை ரிவர்ஸில் ஏற்றினால் ஓட்டுபவர் பக்கம் அந்தச் சுவருக்கு மாறும், என் கதவு நேராக அந்தப் பள்ளத்தில் திறக்கும். 41-உம் 25-உம் 66.

“அம்மா, அறுபத்தாறும்மா!” என்று கத்தினாள். பழைய கார் எப்படி விட்டாலும் நின்றது. அதனால் யாரும் திருப்பி விட்டே பார்க்கவில்லை.

மார்ச் 29, சனி

ஷோரூமிலிருந்து ஓட்டிப் பார்க்க வண்டி அனுப்பினார்கள். “ரிவர்ஸ்ல ஏத்திடுவியா? ரெண்டு பக்கமும் சுவரு” என்றார் அவர், மெதுவாக, பயந்து பயந்து.

“வழிய விட்டு நில்லுங்க.”

முதல் தடவை கோணிக்கொண்டது. இரண்டாவதில் பக்கக் கண்ணாடி ஷெட் வாசல் தூணை முத்தமிடப் பார்த்தது. ஷோரூம் பையன் வாயைத் திறந்தான், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மூன்றாவது தடவை உள்ளே போய் நின்றது. கதவைத் திறந்தேன். மூச்சைப் பிடிக்கவில்லை, வயிற்றை எக்கவில்லை. காலை ஊன்றி மகாராணி மாதிரி சமையலறைக்குள் நடந்தேன்.

அவரும் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கிறேன் என்றார். ஆறு தடவை முயன்றுவிட்டுச் சாவியை என்னிடமே கொடுத்தார். பெரியதையே பதிவு செய்தாயிற்று.

ஏப்ரல் 5, சனி

டிபன் பாக்ஸ் இன்னும் பாதிதான் காலியாகிறது. நான் கேட்பதில்லை. அவள் எதிரே உட்கார்ந்து என் தட்டை முழுசாகச் சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வண்டி வந்து நாலு நாள். பார்க்க நாத்தனார் வந்திருந்தாள். ஷெட்டை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பரவால்லையே, எப்படி நுழையுற நீ?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். “அக்கா, அந்தப் பேச்சு இந்த வீட்டுல இல்ல. சாப்பிட வா.” சாதாரணக் குரலில்தான். அண்ணி என் முகத்தைப் பார்த்தாள், நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். குட்டிப்பயல் பாதியைத் தரையில் போட்டான். அண்ணி தன் பையனின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் பெரியவள் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

“அம்மா, இன்னும் கொஞ்சம்.”

போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டேன்.