வால் குட்டையான பட்டன்

உன் பிரிவைத் தாங்காமல் நான் என் லேஸ் பெட்டியை உடைத்துப்போட்டதாகக் கோவில் முற்றத்தில் சிலர் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. பெட்டி உடையவில்லை. அதன் மூடியில் துளைகள் இருப்பது உண்மை; அவற்றைப் போட்டவள் நீ, என் கண்முன்னால், என் சம்மதத்தோடு. நான் வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடப்பதாகவும் சொல்கிறார்களாம். அதுவும் தவறு. இன்று காலை என் வீட்டில் கேட்டது சிரிப்பு.

பட்டன் கிடைத்துவிட்டது!

பார்சலைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை. ஒன்றை எடுத்து அழுத்தினேன். டிக். கன்னியாகுமரியில் அந்த வீடியோ விளையாட்டுக் கடையில் கேட்ட அதே சத்தம்.

என் கணவர் போன பிறகு நீ என்னை வெளியே இழுத்துக்கொண்டு போன முதல் நாள் அது. வட்டக்கோட்டை பார்த்துவிட்டு வரும் வழியில், வெயிலுக்கு ஒதுங்க உள்ளே நுழைந்தோம். திரையில் ஒரு விண்கப்பல். அதை நோக்கிக் கற்கள் பறந்து வந்தன. நான் விரலைப் பட்டன்மேல் வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, ஜெபமா சொல்லிட்டு நிக்க? ஞெக்குட்டி!”

“அழுத்துன்னு சொல்லு.”

“நீ அழுத்துகதுக்குள்ள கப்பல் பொட்டிரும். ஞெக்கு!”

கப்பல் வெடித்தது. நீ சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்துவிட்டேன். மாதக்கணக்கில் மறந்திருந்த காரியம்.

வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம் என்றாய். படம் டிவியில், பட்டன் பெட்டி மடியில். குவைத்தில் நர்சாக இருந்தபோது ஓய்வு நேரமெல்லாம் இந்த ஆட்டத்தில் கழித்தவள் நீ. எந்த வயர் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். கான்வென்டில் நாம் லேஸ் பின்னக் கற்றபோது நூல் வைத்திருந்த என் அயனிமரப் பெட்டி, மடிக்குச் சரியான அகலம். ஆழம்தான் இல்லை. கப்பலைத் திருப்பும் கைப்பிடித் தண்டு அதில் இறங்காது என்பதால் நான்கு திசைக்கும் பட்டனே வைப்பதென்று தீர்மானித்தோம். பட்டனும் இறங்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் சுவிட்ச் தொங்கிக்கொண்டு அடிப்பலகையில் இடித்தது.

“அடியிலயும் ஓட்டை போட்டிருவோம்” என்றாய்.

“வால் என் மடியில குத்தும்.”

“ராணியம்மைக்கு மடி நோவுமாக்கும்!”

களியக்காவிளைக் கடையில் நீ “பொக்கம் கொறஞ்ச பட்டன்” கேட்டாய். “உயரம்” என்று நான் திருத்தினேன். கடைக்காரர் கொடுத்தது மேலே தட்டையாக, அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் அடியில் அதே நீளம். திரும்பக் கொண்டுபோனோம்.

“இதுக்க மேல பொக்கம் கொறைக்கணும்னா, பேனா வச்சு பட்டன வரஞ்சிக்கிடணும் அம்மா” என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் நமக்குள் இதே வழக்குதான்.

“அடியில ஓட்டை போடாம அந்தப் பெட்டிக்கு பட்டன் கெடைக்காது மக்கா.”

“கிடைக்கும்.”

“கெடச்சா நான் தோத்தேன்னு சொல்லுகேன்.”

“சொன்னா போதாது. நாளைக்கு ‘நான் எப்பம் சொன்னேன்’னு கேப்ப. எழுதித் தரணும்.”

“செரி, எழுதியே தாறேன்” என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

உன் அடக்கம் முடிந்து வந்த பிறகு அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. சென்ற வாரம்தான் எடுத்தேன். உள்ளே கிடந்த அந்தத் தட்டையான பட்டன் ஒன்றை மேசைமேல் தலைகீழாக நிறுத்திப் பார்த்தபோது பளிச்சென்று விளங்கியது. குறைய வேண்டியது அதன் தலை அல்ல! உன் பொக்கமும் என் உயரமும் மேலே தெரிவதையே சொல்லிக்கொண்டிருந்தன. நமக்கு இடித்தது கீழே. என் சொல் புத்தகத்தில் இருக்கிறது, உன் சொல் இல்லை. கடையில் இரண்டுமே உதவவில்லை. உடனே களியக்காவிளைக்குப் போன் போட்டேன்.

“மூடிக்குக் கீழே வால் குட்டையா இருக்கிற பட்டன் வேணும்.”

“அதா? மொதல்லயே வாலுன்னு சொல்லியிருக்கப்பிடாதா அம்மா! வரவழைச்சு அனுப்புகேன்.”

வந்துவிட்டது. உள்ளே கம்ப்யூட்டர் கீபோர்டில் இருப்பது போன்ற சின்னஞ்சிறு சுவிட்ச். நீ விட்டுப்போன வயர்களை நானே ஒவ்வொன்றாகச் செருகினேன். மூடியைப் பொருத்தினேன், இடிக்காமல் உட்கார்ந்தது. ஒரு காகிதம் செருகும் இடைவெளிகூட மிஞ்சியது. புடவையை ஒழுங்குபடுத்திக்கொண்டு பெட்டியை மடியில் வைத்தேன். எதுவும் குத்தவில்லை.

டிவியில் கப்பல் வந்தது. கற்களும் வந்தன. “ஞெக்குட்டி!” என்று ஒரு குரல் கேட்டது. வீட்டில் நான் மட்டுமே இருந்தேன். சத்தம் போட்டது என் வாய்தான். கப்பல் தப்பியது. அந்தச் சொல்லை நான் இனிமேல் திருத்தப்போவதில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.

பட்டன் பொருந்திவிட்டது. அடிப்பலகையில் ஓட்டை இல்லை. ஆகவே நீ தோற்றாய்.

சொன்னபடி எழுதித் தா. ஒரு வரி போதும்.