பசாம் படித்த தொண்டை

சேசு மரி சூசை

முல்லைத்தீவு,
18.8.1963

அன்பு மகள் றோஸ்மேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம், நீயும் கொழும்பில் சுகத்தோடும் நல்ல நித்திரையோடும் இருக்க மன்றாடுகிறோம். நித்திரையை ஏன் சேர்த்தேன் என்றால் உனக்கு இரவு வேலை என்று அறிந்ததிலிருந்து அம்மாவுக்கு அதே கவலை. சுகம் என்று கடிதம் தொடங்குவது எல்லோருக்கும் வழக்கம்தான், இந்த முறை நான் அந்தச் சொல்லை மனமறிந்து எழுதுகிறேன். உன் தங்கை புனிதம் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாக மீன் குழம்பு கேட்டாள், இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், அம்மாவின் கடிதங்களில் பாதி அழுகையாக இருந்திருக்கும். இந்த வருடம் தபசு காலத்தில் கோயிலில் பசாம் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குள் புனிதத்தையும் சேர்த்துக்கொண்டார்கள், பதின்மூன்று வயதில் அது பெரிய காரியம், ஆண்டவர் பாடுபட்ட கதையை அவள் இழுத்துப் படித்தால் என் கரைவலைக்காரரும் கண்ணைத் துடைப்பார்கள். பெரிய கிழமையில் அவளுக்குத் தொண்டை நொந்தது, காய்ச்சலும் காய்ந்தது. நாற்பது நாள் கத்திப் படிச்சால் தொண்டை நோகாமல் என்ன செய்யும் என்று நானே சொன்னேன், கற்கண்டும் மிளகும் கொடுத்தோம், மாறிவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து மூன்றாம் கிழமை முழங்கால் வீங்கி, தொடவும் விடாமல் அழுதாள். சிலுவைப்பாதைக்கு முழந்தாளில் நின்ற நோவு என்று அதற்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். அப்போது முழந்தாளிட்டதற்கு இப்போது ஏன் வீங்குகிறது என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை, ஊரிலும் ஒருவரும் கேட்கவில்லை, எண்ணெய் பூசி உருவினோம். முழங்கால் வற்றியதும் பார்த்தீர்களா என்று பெருமையடித்தேன், அடுத்த நாள் கணுக்கால் வீங்கியது, அது வற்ற மணிக்கட்டு. அதைத்தான் அம்மா உனக்கு எழுதினார்.

உன் தந்தியை அம்மாவிடம் கொடுத்தபோது, தந்தி என்றாலே சாவு என்று நினைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்குமுன்பே தலையில் கை வைத்து அழத் தொடங்கிவிட்டார். நோவு மூட்டுக்கு மூட்டு மாறுகிறது, இது இருதயத்தைப் பிடிக்கக்கூடிய நோய், அவளை நடக்க விடாதேங்கோ, உடனே ஆஸ்பத்திரி, முன்னம் தொண்டை நொந்ததோ என்று யோசித்துச் சொல்லுங்கோ, இவ்வளவுதான் நீ சொல்லியிருந்தது. மகள், நீ அவளைத் தொடவில்லை, பார்க்கவில்லை, இருநூறு மைலுக்கு அப்பால் இருந்து அம்மாவின் கோணல் எழுத்தை வாசித்தே நோயைப் பிடித்துவிட்டாய். வாடகைக் கார் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அவளை நானே தூக்கிக்கொண்டு போனேன், கால் நிலத்தில் படவில்லை.

டாக்குத்தர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். தொண்டையைப் பற்றி அவர் கேட்குமுன்பே அம்மா சொல்லிவிட்டார், பெரிய வியாழன் கஞ்சி இறங்கவில்லை, பெரிய வெள்ளி காய்ச்சல் என்று நாள் பிசகாமல். காற்று மாறிய நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும், பிள்ளை கஞ்சி குடிக்காத நாள் ஞாபகம் இல்லை. இரத்தமும் எடுத்துப் பார்த்து றூமற்றிக் காய்ச்சல் என்றார்கள். நான் விளங்காமல் நிற்கவே டாக்குத்தர் சொன்னார், தொண்டையில் வந்த கிருமியை அடிக்க எழும்பின உடம்பு, கிருமி போன பிறகும் அடங்காமல் தன்ர மூட்டையும் இருதயத்தையும் அடிக்குது என்று. கள்ளனைத் துரத்தப் போனவன் வீட்டாரை அடித்த மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். பிறகு அவர், பிள்ளையை நடக்க விட வேண்டாம் எண்டு ஆர் சொன்னது என்று கேட்டார். மூத்த மகள், கொழும்பில நேர்சுக்குப் படிக்கிறா என்று சொன்னேன். இரண்டு வருடமாக நான் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும், கடற்கரையில் யாரும் கேட்டால் கொழும்பில் படிக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைப் பார்ப்பேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் கேட்கச் சொன்னேன். அரைவாசி வேலையை அவ செய்துபோட்டா என்றார் டாக்குத்தர். அதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது, இனி ஒருதரம் சொன்னால் மீன் ஏற்ற மாட்டேன் என்று லொறிக்காரன் சொல்லுகிறான்.

பன்னிரண்டு கிழமை புனிதம் படுத்தே கிடந்தாள். நோவுக்குக் குளிசை போட்டுப் போட்டுக் காது கூவுகிறது என்பாள், ஆனாலும் ஊசிக்கு ஒருநாளும் அழவில்லை. அந்தப் பென்சிலின் ஊசி இனி மாதம் ஒன்று, இருபது வயது தாண்டும்வரை. முதல் வெள்ளிப் பூசை கண்டு அப்படியே ஊசிக்குப் போவது என்று வைத்திருக்கிறோம், மறக்க முடியாது. எதிர்வீட்டு யோசெப்பின் மகளுக்குத் தொண்டை நோவென்று கேள்விப்பட்டு, போய் நின்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் திரும்பினேன், ஊரில் என்னை டாக்குத்தர் என்று பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். மூட்டுகளில் ஒரு பழுதும் இல்லையாம். இருதயத்தில்தான் மெல்லிய ஒரு சத்தம் இன்னும் நிற்கிறது, வருடங்களில் போகலாம், போகாமலும் விடலாம் என்றார்.

இனி எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியாது, அவர் செபமாலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் நானே எழுத உட்கார்ந்தேன். உன் தந்தி செவ்வாய்க்கிழமை வந்தது. தந்திச் சேவகன் கடற்கரையில் என் கையில் தந்து, வாசித்தும் சொன்னான். மடியில் செருகிக்கொண்டேன். வலையில் நல்ல மீன் பட்ட நாட்கள் என்பது ஒரு சாட்டு. நான் வேண்டாம் என்ற படிப்பைப் படித்துவிட்டு என் பிள்ளையைப் பற்றி எனக்கே கட்டளை போடுகிறாய் என்ற கோபம்தான் உண்மை. வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவிடம் கொடுத்து, இப்போதுதான் வந்தது என்றேன். அந்த இரண்டு நாளும் புனிதம் நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்குத்தரிடம் கேட்க வாய் வரவில்லை, உன்னிடம் கேட்கிறேன். அந்தச் சத்தம் அந்த இரண்டு நாளால் வந்ததா? அப்பாவின் மனம் நோகும் என்று பார்க்காதே, மகளாகச் சொல்லாமல் நேர்சாகச் சொல்லு, நீ சொல்வதை நம்புவேன்.

வேளைக்குச் சாப்பிடு, நோயாளிகளுக்கு நடுவில் நிற்கிறவள், உன் தொண்டையையும் கவனி. நீ தொடும் ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி நடக்க ஆண்டவர் உன் கையை ஆசீர்வதிப்பாராக. பதிலை அம்மாவின் பெயருக்கே போடு, அவரே உடைத்து வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. ஞானப்பிரகாசம்